முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அப்பா ஓட்டிய 1960களின் கார் ஒன்று 15 வருடமாக ஷெட்டில் நிற்கிறது. அதை ஓடவைக்க வேண்டும். கூடவே டிஸ்க் பிரேக், ஆல்டர்னேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன், முடிந்தால் கொஞ்சம் பெரிய எஞ்சின் என்று மேம்படுத்தவும் ஆசை. மெக்கானிக் வேலை தெரியாது, வார இறுதி நாட்கள் மட்டும்தான் கையில் இருக்கின்றன. எதை முதலில் கழற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் கேட்காத கேள்விகள் இரண்டு இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆரம்பித்தால் முடிப்பேனா? முடிக்கும்போது அது அப்பாவின் காராகவே இருக்குமா? எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

20 வருடத்துக்கு மேலாகப் பழைய கார்களோடு பழகுகிறேன். முதல் சில வருடம் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டேன், பிறகு பொழுதுபோக்காக ஐந்து கார்களை முழுதாக முடித்திருக்கிறேன். எஞ்சின், பிரேக், ஒயரிங் மூன்றிலும் தைரியமாகப் பேசுவேன். டிங்கரிங்கும் வெல்டிங்கும் ஓரளவு வரும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை நான் திறந்ததே இல்லை, அதைத் தொடப்போவதில்லை. உங்கள் காரை நேரில் பார்க்காததால் துரு விஷயத்தில் எப்படிச் சோதிப்பது என்று சொல்லலாமே தவிர, தேறுமா தேறாதா என்று இங்கிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது.

நான் சொல்ல நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை முதலில் அது தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். சில மாதம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகு எதை மாற்றுவது என்று முடிவெடுங்கள். பழைய கார் என்றாலே இப்படித்தான் என்று நாம் நினைக்கும் குறைகளில் பாதிக்கு மேல் கவனிக்காமல் விட்டதால் வந்தவை. வடிவமைத்தவர்கள் அப்படிச் செய்து வைக்கவில்லை.

ஒன்றைச் சொல்கிறேன். என் மூன்றாவது கார் பத்து நிமிடம் ஓடினாலே கொதித்துவிடும். எனக்கு விற்றவர் பெரிய ரேடியேட்டர் போட்டிருந்தார், எலக்ட்ரிக் ஃபேன் வைத்திருந்தார், தெர்மோஸ்டாட்டைக் கழற்றியே போட்டிருந்தார். எதற்கும் மசியவில்லை. எஞ்சின் பிளாக்கின் பின்பக்கம், கடைசி சிலிண்டருக்குப் பக்கத்தில், பெரிய நாணயம் அளவுக்கு ஒரு தகர மூடி இருக்கும். கோர் பிளக் என்பார்கள். ஒருநாள் அதைத் தட்டி எடுத்தேன். கொட்ட வேண்டிய தண்ணீர் ஒரு சொட்டுகூட வரவில்லை. வளைந்த கம்பியை விட்டுக் குடைந்தபோது, செங்கல் பொடியைக் குழைத்தது மாதிரி துருச்சேறு கட்டி கட்டியாக விழுந்தது. பல வருடம் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியதன் பலன். நாள் முழுக்கக் குடைவதும் ஹோஸ் பைப்பால் பீய்ச்சுவதுமாக இருந்தேன். தண்ணீர் தெளிந்து வந்த பிறகு, டிக்கியில் கிடந்த அசல் ரேடியேட்டரையே மாட்டி, புது தெர்மோஸ்டாட் போட்டு, கூலன்ட் ஊற்றினேன். அதன்பின் அந்த எஞ்சின் கொதித்ததே இல்லை. வாங்கிச் சேர்த்த எதுவும் தீர்க்காத வியாதியை ஒரு கம்பித் துண்டு தீர்த்தது. இதனால்தான் மேம்படுத்தும் பட்டியலை இப்போதைக்கு மடித்து வையுங்கள் என்கிறேன்.

அடுத்தது, கழற்றுவது பற்றி. தயவுசெய்து காரை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். என் முதல் காரை இரண்டே வார இறுதிகளில் கடைசி போல்ட் வரை பிரித்துப் பரப்பினேன். திரும்ப அது சாலைக்கு வர ஆறு வருடம் ஆனது. நடுவில் இரண்டு வருடம் ஷெட் கதவைத் திறக்கவே மனம் வரவில்லை. கழற்றுவது மணிக்கணக்கில் முடியும், மாட்டுவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு பகுதியை எடுங்கள், முடியுங்கள், மாட்டுங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். காரைத் தள்ளினால் உருளும், ஸ்டியரிங் திரும்பும் என்ற நிலை எப்போதும் இருக்கட்டும். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள், ஒருமுறை கிட்டத்தில், ஒருமுறை தூரத்தில். போல்ட்களைத் தனித்தனிப் பைகளில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். அந்தக் காலத்துக் கார்களில் அங்குலக் கணக்கு மரைகளும் மெட்ரிக் மரைகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். அந்த மாடலின் வொர்க்‌ஷாப் மேனுவலை முதல் ஸ்பேனர் வாங்கும் முன்பே தேடிப் பிடியுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும், இடைவெளி எவ்வளவு என்பதையெல்லாம் என்னைப் போன்றவர்களின் ஞாபகத்திலிருந்து எடுக்காமல் அதிலிருந்து எடுங்கள்.

கழற்றும் முன் காரை ஒரு முழு நாள் சும்மா பாருங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கினால் உடனே ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கையைக்கூடக் காருக்கடியில் நீட்டக்கூடாது. ஒரு சின்னக் காந்தமும் மழுங்கிய ஸ்குரூ டிரைவரும் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டி (ஓட்டையை மறைக்கப் பூசும் பசை) இருக்கிறது. ஸ்குரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே போகும் இடத்தில் தகரமே இல்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், மிதியடிக்குக் கீழிருக்கும் தளம், சஸ்பென்ஷன் வந்து சேரும் இடங்கள், ஸ்டெப்னி குழி, பேட்டரி தட்டு, முன்கண்ணாடித் தூண்களின் அடி, இவைதான் தண்ணீர் தங்குகிற இடங்கள். பானெட்டிலும் மட்கார்டிலும் துரு இருந்தால் கவலையில்லை, அவை கழற்றி மாட்டும் துண்டுகள். சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் பொடிந்தால்தான் யோசிக்க வேண்டும், காரின் எலும்பே அதுதான். சேசிஸ் தனியாக இல்லாமல் உடலே பாரம் தாங்கும் கார்களில் சில்லை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டு பண்ணிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் வெட்டினால் உடல் சில மில்லிமீட்டர் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. இந்த ஒரு வேலையை, பழக்கம் வரும்வரை, தெரிந்தவரிடம் விடுங்கள்.

கையில் எடுக்க முடிந்த சின்னத் துண்டுகளின் துருவை வீட்டிலேயே அழகாக எடுக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் கொஞ்சம் சலவை சோடா, ஒரு சாதாரண பேட்டரி சார்ஜர். சார்ஜரின் நெகட்டிவை துருப்பிடித்த பாகத்தில் மாட்டுங்கள், பாசிட்டிவை வேண்டாத இரும்புத் துண்டில் மாட்டுங்கள். இரண்டும் தொடக்கூடாது. ஒரு இரவு விட்டால் துரு கருஞ்சேறாகக் கழன்று வரும், நல்ல இரும்பு தேயாது. இரும்புக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மட்டும் போடாதீர்கள், நச்சான குரோமியம் உப்புகள் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் இதைத் திறந்தவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். முதல் கீல் ஒன்று பளிச்சென்று வெளியே வரும்போது கிடைக்கிற உற்சாகத்தில் அடுத்த மூன்று மாத வேலை ஓடும்.

இப்போது எஞ்சின். 15 வருடம் நின்ற எஞ்சினில் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அதை அடக்குங்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருந்தால் செல்ஃப் மோட்டார் கொடுக்கும் வேகத்தில் ரிங் உடையும், சுவர் கீறும். ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் மெல்லிய எண்ணெய் விடுங்கள். சில நாள் ஊறட்டும். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லத் திருப்புங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சுற்றவில்லை என்றால் மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. நீளமான பைப் செருகி பலம் காட்டாதீர்கள். சுலபமாகச் சுற்றிய பின் எஞ்சின் ஆயிலை மாற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் போட்டு ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஆயில் பிரஷர் வந்துவிட்டால் கம்ப்ரெஷன் பாருங்கள், அதாவது பிளக் ஓட்டையில் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளந்து பாருங்கள். எல்லா சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். மூன்று 150 பிஎஸ்ஐ காட்டி ஒன்று மட்டும் 90 காட்டினால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வால்வு சரியாக உட்காரவில்லை. எஞ்சினைத் திறக்காமலே ஐந்து நிமிடத்தில் இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். நீண்ட நாள் நின்ற எஞ்சினில் முதலில் எண்கள் குறைவாக இருந்து, கொஞ்சம் ஓடியதும் ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் முதல் அளவை வைத்து எஞ்சினை இறக்க வேண்டாம்.

பெட்ரோல் டேங்கில் இருப்பது இப்போது பெட்ரோலே இல்லை, வார்னிஷ். முழுதாக வடித்துவிடுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் நீங்களாக வெல்டு வைக்கவே கூடாது. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். ரப்பர் எரிபொருள் குழாய்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் பல இடங்களில் எத்தனால் கலக்கிறார்கள், அது அந்தக் காலத்து ரப்பரை இளக்கும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். எத்தனால் தாங்கும் குழாய் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டி எரிந்துபோன கார்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் எஞ்சினை முதன்முறை கிளப்பும்போது தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இதற்கு முன்பே பிரேக்கை முடித்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் வாசல் வரை ஓட்டிப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது. பழைய காரில் பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர், சக்கரங்களில் இருக்கும் வீல் சிலிண்டர்கள், வளையும் ரப்பர் குழாய்கள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. இரும்புக் குழாய்களில் ஒன்று துருப்பிடித்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அந்தக் காலத்துப் பல கார்களில் பிரேக் ஒற்றைச் சுற்று, அதாவது நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஏதோ ஒரு இடத்தில் ஒரு ரப்பர் கிழிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அமெரிக்காவில் 1968 முதல் இரட்டைச் சுற்றைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் இதுதான். ஆகவே நான் முதலிடம் கொடுக்கும் மேம்பாடு, உங்கள் பட்டியலில் இல்லாத இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். டிஸ்க் பிரேக் அதற்குப் பிறகுதான்.

பிரேக் ஆயிலில் குழப்பம் வேண்டாம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கோன், அதை மற்ற எதோடும் கலக்கக்கூடாது. கிளைக்கால் வகை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காது என்பது தர அளவு, ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155க்கு இறங்குகிறது. இறக்கத்தில் பெடல் திடீரென்று பஞ்சு போல அமுங்குவது இப்படித்தான். எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்புறம், டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். அந்தக் காலத்து பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தண்ணீரால் நனைத்துத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில், அது முழுதாகக் காயும் முன் வெல்டிங் செய்யவே கூடாது. வெல்டிங் வெப்பத்தில் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

டயரில் வடிவம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். 2000க்குப் பிறகு வந்தவற்றில் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம். ஷெட்டில் நின்ற டயர்களில் ஒன்றையும் நம்ப வேண்டாம். அசலில் கிராஸ்பிளை (இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும் பழைய வகை டயர்) போட்டிருந்த கார் என்றால் ரேடியலுக்கு மாறுவது நல்ல மாற்றம், ஆனால் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்று போட்டால் வளைவில் பின்பக்கம் எச்சரிக்கை இல்லாமல் விலகும்.

ஒயரிங்கில்தான் குறைந்த வேலைக்கு அதிகப் பலன். பழைய காரின் ஹெட்லைட் மங்கல் என்று எல்லாரும் பிரகாசமான பல்பைத் தேடுகிறார்கள். ஒரு மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் எவ்வளவு, பல்பின் முனையில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். நான் அளந்த ஒரு காரில் பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பில் 11.4. இடையில் காணாமல் போன வோல்ட்டெல்லாம் தேய்ந்த சுவிட்சிலும் பச்சை பூத்த இணைப்புகளிலும் சூடாக வீணாகிறது. இழை பல்பில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். அந்தக் காரில் இரண்டு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஒயரும் பியூஸும் கொடுத்து, எர்த் இணைப்புகளைச் சுரண்டிப் பளபளப்பாக்கினேன். அதே பழைய பல்ப் இரண்டு மடங்கு வெளிச்சம் போலத் தெரிந்தது. முதல் பேச்சில் சொன்னேனே, கவனிக்காமல் விட்ட குறை என்று, இதுவும் அந்த ரகம்தான். ஹாலஜனுக்காக வார்த்த விளக்கில் எல்இடி பல்பைத் திணிக்க வேண்டாம், கற்றை சிதறி எதிரில் வருபவர் கண்ணைக் குருடாக்கும்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். அதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்ல முதல் மாற்றம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் அடங்கிவிடும், வெளியே எதுவும் தெரியாது, வேண்டாம் என்றால் அரை மணியில் பழையபடி மாற்றலாம். கழற்றிய பாயிண்டையும் (பொறிக்கான மின்சாரத்தை விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) கண்டென்சரையும் டிக்கியில் வைத்திருங்கள். எலக்ட்ரானிக் பெட்டி போகும்போது சொல்லாமல் ஒரேயடியாகப் போகும், பாயிண்டை மட்டும் சாலையோரத்தில் உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். வாங்கும் முன் உங்கள் காரில் பேட்டரியின் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 1960களின் பல பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த், எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் கார் கூட 1967 வரை அப்படித்தான் வந்தது. அதில் நெகட்டிவ் எர்த் கருவியை மாட்டினால் அந்த நொடியே புகைந்துவிடும். ஆல்டர்னேட்டருக்கும் இதே எச்சரிக்கை. ஆல்டர்னேட்டருக்கு முன் பேட்டரியைச் சார்ஜ் செய்த டைனமோ, ஐடிலில் சரியாகச் சார்ஜ் செய்யாது என்பதால், இரவில் நெரிசலில் ஓட்டுவீர்கள் என்றால் ஆல்டர்னேட்டர் உதவும். பகலில் எப்போதாவது ஓட்டும் காருக்கு நல்ல டைனமோவே போதும்.

டிஸ்க் பிரேக் ஆசை நியாயமானது. டன்லப் டிஸ்க் பிரேக்குடன் ஜாகுவார் சி-டைப் 1953இல் லெ மான் பந்தயத்தை வென்றதிலிருந்து அதன் பெருமை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் டிஸ்க்கை மட்டும் கொண்டுவந்து மாட்டினால் வேலை முடியாது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாய்க்குள் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு இருக்கக்கூடும், அது டிஸ்க்கோடு சேர்ந்தால் பிரேக் விடாமல் உரசிச் சூடாகும். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்கு அதிக ஆயில் வேண்டும், பழைய சிலிண்டரின் துளை போதாமல் பெடல் தரை வரை போகலாம். முன் பின் பிடிப்பு விகிதம் மாறுவதால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழலலாம். உங்கள் மாடலின் பிந்தைய வருடத்துக் காரில் தொழிற்சாலையே டிஸ்க் கொடுத்திருந்தால் அந்த முழுத் தொகுதியை அப்படியே எடுத்துப் போடுங்கள், கணக்கெல்லாம் அவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படி இல்லையென்றால், நன்றாகச் சரிசெய்த டிரம் பிரேக் அந்தக் காரின் வேகத்துக்குப் போதும் என்பது என் அனுபவம்.

உங்கள் பட்டியலில் இல்லாத இன்னொன்றையும் நான் சேர்க்கிறேன். சீட் பெல்ட். மூன்று முனை பெல்ட் 1959இல் வோல்வோவில் வந்தது, நில்ஸ் போலின் வடிவமைத்தது. உங்கள் கார் அதற்குப் பிறகு வந்திருந்தாலும் பெல்ட் இல்லாமல் இருக்கலாம். கொக்கிகள் மாட்டும் இடத்தில் அசலிலேயே மரை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வெறும் தகரத்தில் ஓட்டை போட்டு மாட்டாமல், பின்னால் தடித்த இரும்புத் தகடு வைத்து வெல்டு பண்ணியே மாட்ட வேண்டும். அந்த இடத்தில் துரு இருந்தால் பெல்ட் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

பெரிய எஞ்சினைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையாக இருக்கும். எஞ்சினை மாற்றினால் கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ரேடியேட்டர், முன் ஸ்பிரிங், பிரேக் என்று ஒவ்வொன்றும் வரிசையில் வந்து நிற்கும். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் மாறுவதற்கான விதி இடத்துக்கு இடம் வேறுபடும், அதை எஞ்சின் வாங்கும் முன் விசாரியுங்கள். மின்சாரக் காராக மாற்றுவதும் இதே கணக்குதான். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபீவா, 1966இல் தொடங்கியது. குறைந்தது 30 வருடப் பழமை, வரலாற்றுக்குப் பொருந்திய நிலை, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமை, இவற்றை வைத்துத்தான் அது ஒரு காரைப் பாரம்பரிய வாகனம் என்கிறது. எந்த மாற்றமும் திரும்ப மாற்றக்கூடியதாக இருக்கட்டும், கழற்றியதைப் பத்திரப்படுத்துங்கள் என்பது அவர்கள் நிலைப்பாடு. போட்டிக்குக் கொண்டுபோகாதவர்களுக்கும் இது நல்ல அளவுகோல் என்று நினைக்கிறேன். ஒரு மாற்றத்துக்காக உடலை வெட்ட வேண்டும் என்றால் நான் செய்யமாட்டேன், போல்ட்டில் மாட்டிக் கழற்ற முடியும் என்றால் தயங்கமாட்டேன்.

உறுதியாகச் சொல்ல முடியாத இரண்டு விஷயங்களையும் சொல்லவேண்டும், இணையத்தில் இவற்றுக்குத்தான் சண்டை அதிகம். ஒன்று, ஈயமில்லாப் பெட்ரோல். அந்தக் காலத்துப் பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தை போல உதவியது. 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு உலகில் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் முடிந்தது. இப்போது வால்வு சீட் தேயும் என்பது உண்மை, ஆனால் எவ்வளவு வேகமாகத் தேயும் என்பது வேகத்தையும் பாரத்தையும் எஞ்சினின் உலோகத்தையும் பொறுத்தது. மெதுவாக ஓட்டும் பலருக்குப் பல வருடம் ஒன்றும் ஆனதில்லை. இதற்காக மட்டும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டாம். டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை, அவ்வப்போது அளந்து குறித்து வையுங்கள், எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் சீட் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். வேறு காரணத்துக்காக ஹெட்டைத் திறக்கும்போது கடினமான சீட் போட்டுவிடலாம். இரண்டாவது, எஞ்சின் ஆயில். வால்வுகளைத் திறக்கும் பழைய கேம்ஷாஃப்டுக்குத் துத்தநாகம் கலந்த ஆயில் கட்டாயம் என்கிறார்கள். புதிதாகப் போட்ட கேம்ஷாஃப்டைப் பழக்கும்போது அது முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏற்கெனவே பழகிய, மென்மையான ஸ்பிரிங் உள்ள எஞ்சினில் எவ்வளவு வித்தியாசம் தரும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நான் மேனுவல் சொல்லும் தடிமனில், பழைய கார்களுக்கென்று விற்கும் ஆயிலைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறேன்.

பெயின்ட் கடைசி. காரை ஓட்டிப் பழகி, கசிவெல்லாம் நின்ற பிறகுதான். அதற்கு முன்னால் அடித்தால் ஸ்பேனர் நழுவி விழும் ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அசல் பெயின்ட் மங்கியிருந்தாலும் பிடிப்போடு இருந்தால் அதை அடிக்காமல் விடலாம். மெல்ல பாலிஷ் போட்டால் எவ்வளவு மீள்கிறது என்பது ஆச்சரியமாக இருக்கும். டிரைவர் பக்கக் கதவின் மேல்விளிம்பில், உங்கள் அப்பா முழங்கை வைத்து வைத்துப் பெயின்ட் தேய்ந்த இடம் ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள். அதைப் புதிதாக அடித்துவிட்டால் திரும்ப வராது. நான் அப்படி ஒரு காரில் அடித்துவிட்டு இன்றுவரை வருந்துகிறேன்.

எல்லாம் முடிந்து முதல் நாள் ஓட்டும்போது வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே பிரேக் பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் அன்று கார் வாசலைத் தாண்டக்கூடாது. போய்விட்டு வந்ததும் பானெட்டைத் திறப்பதற்கு முன் நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் போய்ப் புறங்கையை மெல்ல நீட்டிப் பாருங்கள். நான்கிலும் ஏறக்குறைய ஒரே சூடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. வீல் நட்டுகளை 80 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள். சில், தளம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள், இந்த மூன்றின் படங்களை முதலில் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு வெல்டிங் எவ்வளவு வரும் என்று சொல்கிறேன்.